பெயர் போடாத வரி

என் அத்தானை எங்கள் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மினிட்ஸ்" என்றுதான் சொல்வார்கள். மினிட்ஸ் வந்தாச்சா, மினிட்ஸ் சாப்பிடப் போயிருக்காரு, மினிட்ஸுக்கு இன்னிக்கு ஜலதோஷமாம். திங்கட்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு நடக்கும் மேலதிகாரிகள் கூட்டத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து, யார் என்ன பேசினார்கள், என்ன முடிவானது என்று குறிப்பு, அதாவது மினிட்ஸ், எழுதுவது அவர் வேலை. பதினாறு வருஷம் எழுதினார். சம்பளப் பட்டியலில் அந்தப் பதவிக்கு நீளமாக ஏதோ பெயர் உண்டு. அதை அவரே மறந்துவிட்டார்.

ஆள் ஒல்லி. அதிர்ந்து பேச மாட்டார். எனக்கும் என் அக்காவுக்கும் வாய்த்தகராறு முற்றினால் நடுவில் வந்து, "நீ சொல்றதும் சரி, அவ சொல்றதும் யோசிக்க வேண்டியதுதான்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏதாவது ஒரு பக்கம் பேசித் தொலையுங்களேன் என்று கத்தியிருக்கிறேன். அக்காவுக்கு என்னவோ அந்தக் குணம் பிடித்திருந்தது. கட்டிக்கொண்டவள் அவள்தானே.

எங்கள் கம்பெனி இரும்பு பீரோ செய்கிறது. மூன்று பேருக்கும் அங்கேதான் வேலை. அக்கா பெயிண்ட் பிரிவில் பீரோக்களுக்கு நிறம் அடிக்கிறாள். நான் புகார் பிரிவில் இருக்கிறேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேஜை, ஒரு போன், நான், அவ்வளவுதான். பீரோ வாங்கியவர்கள் போன் போட்டுத் திட்டுவார்கள், நான் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

கம்பெனியை நடத்தியது மூன்று அதிகாரிகள். நடத்தியது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். தயாரிப்பைப் பார்ப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் சுத்தியல். நேரம் என்ன என்று கேட்டால்கூட மேஜையில் ஓங்கித் தட்டித்தான் சொல்வார். விற்பனையைப் பார்ப்பவர் மைக். எதிரே ஒரே ஒரு ஆள் நின்றாலும் மைதானம் நிறையக் கூட்டம் இருப்பதாக நினைத்துத்தான் பேசுவார். நிதியைப் பார்ப்பவர் பூட்டு. அவர் வாயிலிருந்து "இல்லை" தவிர வேறு சொல் வந்து நாங்கள் கேட்டதில்லை. மூவருக்கும் ஒரே படிப்பு, ஏறக்குறைய ஒரே வயசு, ஒரே மாதிரி சட்டை. ஆனால் ஒருவரை ஒருவர் கண்டால் ஆகாது. ஏன் என்று கேட்டிருந்தால் அவர்களுக்கே ஞாபகம் இருந்திருக்காது.

ஒருவர் லிஃப்டில் ஏறினால் மற்ற இருவரும் படியில் ஏறுவார்கள். பூட்டுக்கு முழங்கால் வலி. அவரும் முக்கி முனகி நான்கு மாடி ஏறுவாரே தவிர லிஃப்டுக்குள் கால் வைக்க மாட்டார். கூட்ட அறையில் முதலில் நீள மேஜை இருந்தது. அதன் தலைப்பக்கம் யார் உட்காருவது என்பதில் ஒரு வருஷம் ஓடியது. சண்டையே வேண்டாம் என்று வட்ட மேஜை வாங்கிப் போட்டார்கள். வட்ட மேஜையிலும் கதவைப் பார்த்த நாற்காலி என்று ஒன்று உண்டே. கடைசியில் மூவரும் கதவைப் பார்த்தபடி ஒரே பக்கத்தில், பஸ் சீட்டில் நெருக்கி உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தார்கள். மேஜையின் மறுபக்கம் காலி. இது நான் இட்டுக்கட்டியதில்லை, டீ கொண்டுபோகிற அம்மாவைக் கேட்டாலும் சொல்வார்.

முதலாளி வேறு ஊரில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் முடிவு. கையெழுத்தான மினிட்ஸைப் புதன்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். பலகையில் ஏறிவிட்டால் அது உத்தரவு, யாரையும் மறுபடி கேட்காமல் செய்யலாம். ஒருவர் மறுத்தாலும் அந்த வரிக்குப் பக்கத்தில் "ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதிவிட வேண்டும். இப்படிச் செய்தால் மூவரும் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று நினைத்தார் போலிருக்கிறது, பாவம்.

அந்த ஒற்றுமையின் லட்சணம் என் போனில் வந்து விழும். மைக் ஊர் ஊராகப் போய்ப் பச்சை பீரோவுக்கு ஆர்டர் பிடித்துக்கொண்டு வருவார். பச்சை மைக் கொண்டுவந்த நிறம் என்பதால் சுத்தியல் காப்பி நிறம் அடிக்கச் சொல்வார். பூட்டு புது பெயிண்டே வாங்க விட மாட்டார், மிச்சம் இருப்பதைக் கலந்து அடி என்பார். பத்தாம் நாள் எனக்கு போன் வரும். "பச்சை கேட்டேன், இது என்னம்மா நிறம்?" நான் என்ன செய்வேன்? வெயில் படுகிற இடத்தில் வைத்தால் பச்சையாகத் தெரியும் என்று ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க என் முகத்தை நானே கண்ணாடியில் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் ஆரம்பித்த கம்பெனிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. அவர்கள் ஒன்றும் மகா மூளைசாலிகள் இல்லை, கேட்ட நிறத்தைக் கொடுத்தார்கள்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது.

பெயிண்ட் பிரிவில் ஜன்னல் கிடையாது. காற்று வந்தால் ஈர பெயிண்டில் தூசி ஒட்டும் என்று எப்போதோ அடைத்துவிட்டார்கள். உள்ளே இருக்கிற புகையை வெளியே இழுக்கப் பெரிய விசிறி ஒன்று வேண்டும் என்று சுத்தியல் ஒரு திங்கட்கிழமை சொன்னார். சொன்னது சுத்தியல் என்பதால் மைக் மறுத்தார். அடுத்த மாதம் மைக் அதையே தன் யோசனையாகச் சொன்னார், சுத்தியல் மறுத்தார். பூட்டு பாரபட்சம் இல்லாமல் இருவரையும் மறுத்தார். பதினான்கு மாதம் "ஒத்திவைக்கப்பட்டது" என்று அத்தான் தன் கையாலேயே எழுதினார். அந்தப் புகையில் நின்றது அவர் பெண்டாட்டி.

அக்காவுக்கு இருமல் வந்தது. முதலில் காலையில் மட்டும். பிறகு படி ஏறினால். பிறகு சிரித்தால். சிரித்தால் இருமல் வருகிறது என்று அவள் சிரிப்பதையே குறைத்துக்கொண்டாள். என் அக்கா எப்படிச் சிரிப்பவள் தெரியுமா? தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் அவள் சிரிப்பது எனக்குக் கேட்கும். அதே காற்றில் இன்னும் ஒரு வருஷம் இருந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட்டுவிடு என்று அத்தான் கெஞ்சினார். நானும் சண்டை போட்டுப் பார்த்தேன்.

அக்கா அசையவில்லை. "அந்த ரூம்ல என்னோட சேர்த்துப் பன்னெண்டு பேரு நிக்கிறோம். நான் வந்துட்டா மத்தவங்களுக்குப் புகை குறைஞ்சிடுமா? அவங்க வீட்டுக்காரங்க யாரும் மினிட்ஸ் எழுதலையே" என்றாள்.

அத்தான் அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

வழி கிடைத்தது ஒரு கழிவறைத் தாழ்ப்பாளால். இரண்டாம் மாடிக் கழிவறைக்குத் தாழ்ப்பாள் கழன்று மூன்று மாதம் ஆகியிருந்தது. உள்ளே போகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே இருக்க வேண்டிய நிலைமை. அந்தத் தாழ்ப்பாளும் வாரா வாரம் ஒத்திவைக்கப்பட்டது. ஒரு வாரம் அத்தானுக்குக் காய்ச்சல், தட்டுத் தடுமாறி மினிட்ஸ் எழுதினார். தாழ்ப்பாள் வரியில் யார் சொன்னது என்று பெயர் போட மறந்துவிட்டார். "இரண்டாம் மாடிக் கழிவறைக்குத் தாழ்ப்பாள் பொருத்துவதென முடிவானது" என்று மொட்டையாக இருந்தது. மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். வியாழக்கிழமை தாழ்ப்பாள் வந்துவிட்டது.

அத்தான் தன் பழைய கோப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு வாரம் புரட்டினார். மூவரும் இத்தனை வருஷமாகச் செய்த திருத்தங்களைப் பார்த்தார். "சொன்னார்" என்பதை அடித்து "வலியுறுத்தினார்" என்று ஒருவர் திருத்தியிருப்பார். அவர் வலியுறுத்தினால் நான் கண்டித்தேன் என்று போடு என்று இன்னொருவர் திருத்தியிருப்பார். விஷயத்தைத் தொட்டு ஒரே ஒரு திருத்தம்கூட இல்லை. அவர்கள் படித்தது பெயர்களை மட்டும்தான். தன் பெயர் இருந்தால் சரி, அடுத்தவர் பெயர் இருந்தால் தப்பு. பெயரே இல்லாத வரியை எதிர்க்க அவர்களுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அடுத்த திங்கள் அத்தான் எழுதினார். "பெயிண்ட் பிரிவில் புகை இழுக்கும் விசிறி பொருத்துவதென முடிவானது." கூட்டத்தில் அன்றைக்கு விசிறி பற்றிப் பேச்சே எழவில்லை. யாருடைய கார் நிழலில் நிற்பது என்றுதான் பேசினார்கள். மூன்று கையெழுத்தும் விழுந்தது. பத்தாம் நாள் சுவரில் ஓட்டை போட்டு, ஆள் உயரத்துக்கு ஒரு விசிறியை மாட்டினார்கள். இரண்டே மாதத்தில் அக்கா மூச்சு வாங்காமல் படி ஏறினாள்.

அத்தோடு அவர் நிறுத்தியிருப்பார். நிறுத்த விடாதவள் நான். இன்னும் ஒரே ஒரு வரி எழுதுங்கள் என்று அவர் தலையைத் தின்றேன். "ஆர்டர் வந்த நிறத்தையே அடிப்பதென முடிவானது" என்ற வரியைச் சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். ஒரு கம்பெனியில் இதையெல்லாம் தீர்மானமாகப் போட வேண்டியிருந்தது பாருங்கள். அதற்கும் கையெழுத்து விழுந்தது. பச்சை கேட்டவருக்குப் பச்சை போனது. பிறகு லாரி எத்தனை மணிக்குக் கிளம்புவது, கதவுப் பூட்டு கோணினால் யார் மாற்றுவது என்று மாதத்துக்கு ஒன்றாக எழுதினார். என் போன் அமைதியாகிவிட்டது. முதல் வாரம் லைன்தான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஆளைக் கூப்பிட்டேன்.

வருஷக் கடைசியில் முதலாளி வந்தார். கம்பெனி நிமிர்ந்து நின்றது அவருக்கே நம்ப முடியவில்லை. நிறம் விஷயத்தில் நல்ல முடிவு எடுத்தது யார் என்று கேட்டார். மூவரும் ஒரே நேரத்தில் "நான்தான்" என்றார்கள். முதலாளி மினிட்ஸைப் புரட்டினார், பெயர் இல்லை. மூலையில் இருந்த அத்தானைக் கேட்டார். மூவரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று அத்தான் நைசாகச் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருப்பார்கள். இவர்கள் அதற்கும் சண்டைக்கு வந்தார்கள். இவரோடு சேர்ந்தா, இவருக்கு நிறத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சுத்தியல் மேஜையில் தட்டினார். மைக் தன் மேடைக் குரலை எடுத்தார். நிறம் முடிவான அன்று கூட்டத்தில் எழுதிய கைக்குறிப்பு நோட்டைக் கொண்டுவரச் சொல்லி அடம்பிடித்தவர் பூட்டு. தன் பெயர் அதில் இருக்கும் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நோட்டு வந்தது. அந்தத் திங்கட்கிழமைக் குறிப்பில் நிறமும் இல்லை, பச்சையும் இல்லை. நாற்காலிக்கு மெத்தை போடுவது பற்றி முக்கால் மணி நேரம் பேசியது மட்டும் இருந்தது. அத்தான் எழுந்து நின்று, "யாரும் சொல்லலைங்க. நானா எழுதினேன்" என்றார்.

முதலாளி நோட்டை மூடிவைத்தாராம். பிறகு இரண்டு விஷயம் சொன்னார். இனிமேல் யார் சொன்னது என்று பெயர் இல்லாமல் ஒரு வரியும் இருக்கக் கூடாது, பெயர் இல்லாத பழைய வரிகள் எல்லாம் செல்லாது. இவரை என்ன செய்வது என்பதை மூவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். சொல்லிவிட்டு விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக மூவருக்கும் ஒரே கருத்து வந்தது. மினிட்ஸை வேலையை விட்டுத் தூக்க வேண்டும். நான்கு நிமிஷத்தில் பேசி முடித்துவிட்டார்கள். அதையும் அத்தான்தான் எழுத வேண்டும், வேறு யாருக்கு எழுதத் தெரியும்? சட்டப்படி பெயர் போட்டார். "சுத்தியல் சொன்னபடி" என்று எழுதவில்லை, அவருடைய முழுப் பெயரையும் பதவியையும் மரியாதையாகப் போட்டார். மைக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார், முதலில் சொன்னது தான்தானாம். அடுத்த வாரம் மைக் பெயரைப் போட்டார். பூட்டு மறுத்தார். அதற்கடுத்த வாரம் பூட்டு பெயர், மற்ற இருவரும் மறுத்தார்கள். இப்படியே பதினொரு திங்கட்கிழமை அத்தானின் வேலைநீக்கம் ஒத்திவைக்கப்பட்டது. வாரா வாரம் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள், இருமல் வரவில்லை.

கம்பெனி மட்டும் பழையபடி ஆகிவிட்டது. பச்சைக்கு மறுபடி காப்பி நிறம் போனது, என் போன் மறுபடி அலற ஆரம்பித்தது. விசிறி மட்டும் தப்பித்தது. அந்த வரி செல்லாதுதான், ஆனால் விசிறியைக் கழற்றுவதற்கு ஒரு உத்தரவு வேண்டுமே, அதில் யார் பெயரைப் போடுவது? அதனால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்து எண்ணெய் போடவும் உத்தரவு இல்லை. ஒன்பதாவது வாரம் பெயிண்ட் தூசி அடைத்து மோட்டார் எரிந்துபோனது.

புது மோட்டாருக்குச் சுத்தியல் பெயரைப் போட்டு அத்தான் எழுதினார், மற்றவர்கள் கையெழுத்து விழவில்லை. மைக் பெயர், அதுவும் விழவில்லை. மூன்றாவது வாரம் அக்கா படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன்.

அந்தத் திங்கட்கிழமை அவர் மூவரிடமும் போய்ப் பணிவாக ஒரு யோசனை சொன்னார். என்னை வேலையை விட்டுத் தூக்குவதில் பெயர்தான் பிரச்சினை என்றால் "ஒருமனதாக" என்று போட்டுவிடுகிறேன், மூன்று பெயரும் அதற்குள் அடக்கம், முதலாளியும் சந்தோஷப்படுவார் என்றார். அந்த வார்த்தை அவர்களுக்குப் புதுசு. மூவருக்கும் பிடித்துப்போனது. அத்தான் எழுதிய வரி இதுதான்: "மினிட்ஸ் எழுதுபவரைப் பணியிலிருந்து விடுவிப்பது எனவும், பெயிண்ட் பிரிவு விசிறிக்குப் புது மோட்டார் பொருத்துவது எனவும் ஒருமனதாக முடிவானது."

சுத்தியலும் மைக்கும் முதல் பாதியைப் படித்ததுமே கையெழுத்தைப் போட்டுவிட்டார்கள். பூட்டு மட்டும் கடைசிவரை படித்தார். மோட்டார் எதற்கு இதில் என்று கேட்டார். பிரித்து எழுதினால் இரண்டு வரி ஆகிவிடும், அதற்கு மறுபடி பெயர் வேண்டும், பழைய கதைதான் சார் என்றார் அத்தான். மோட்டாரை வேண்டாம் என்றால் இந்த ஆளும் போக மாட்டான் என்பது பூட்டுக்கு விளங்கியது. போட்டார்.

புதன்கிழமை பலகையில் ஒட்டினார்கள். வியாழக்கிழமை மோட்டார் வந்தது. அதே வியாழக்கிழமை மாலை அத்தான் தன் நோட்டு, பேனா, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மோட்டாருக்குக் கையெழுத்து வாங்கிவிட்டேன் என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தார். புதன்கிழமை பலகையைப் பார்த்துத்தான் எங்களுக்கு மீதி தெரிந்தது. அக்கா கையில் ஈர பெயிண்டோடு அப்படியே என் மேஜைக்கு ஓடி வந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

மினிட்ஸ் எழுத இன்றுவரை வேறு ஆள் போடவில்லை. யாரைப் போடுவது என்பதில் மூவருக்கும் ஒத்துப்போகவில்லை. எழுத ஆள் இல்லாததால் இப்போது கம்பெனியில் எந்த முடிவும் கிடையாது. போன மாதம் இரண்டு பெரிய கடைகள் எங்கள் சரக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டன. அந்தக் காரணத்துக்காகவாவது மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். படியேறும் சத்தம்தான் கேட்கிறது.

அக்கா இரண்டு நாள் அத்தானோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், துணி மடித்து வைத்தாள், வாயைத் திறக்கவில்லை. வேலை போனது ஒரு பக்கம், அதை ஊரே படித்தபிறகு தான் படித்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்.

"இவ்வளவு பெரிய முடிவு எடுத்தீங்களே, என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அத்தான் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"கேட்டிருந்தா நீ கையெழுத்துப் போட்டிருக்க மாட்டே."